வாசலில் முளைத்த புல்

நம் ஊரில் ஒரு வீட்டு வாசலில் புல் முளைத்திருக்கிறது என்றால் அதன் பொருள் யாவர்க்கும் தெரியும். அந்த வீட்டில் விளக்கேற்ற ஆளில்லை. ஆளிருந்தாலும் வாழ்வு குன்றிவிட்டது. விடியுமுன் எழுந்து, பெருக்கி, சாணம் தெளித்து, கோலமிட்டு வைத்த வெறுந்தரையே வாழ்கின்ற வீட்டின் அடையாளம். அத்தரையில் ஒரு புல் தலைகாட்டினாலும் பாட்டி குனிந்து அதைக் கிள்ளி எறிந்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள். அத்தகைய வாசல்களிலிருந்து புறப்பட்டு, கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் இரண்டு இரவுகளைக் கழித்து, தலைநகரில் வந்திறங்கிய நம் குடும்பங்களுக்குச் சர்க்கார் ஒதுக்கிய வீட்டின் முன்னே முதலில் கண்ணிற் பட்டது புல். பாழ்மனையில் முளைத்த புல்லன்று. யாரோ பயிரிட்டு, நீர் பாய்ச்சி, மட்டமாக வெட்டி வைத்த புல். இதனைப் பிடுங்குவதா, பேணுவதா என்று திகைத்த தாய்மார் பலர்.

நம் ஆண்டுவிழா மலரில் கோயில்களைப் பற்றியும் காப்பியங்களைப் பற்றியும் அறிஞர் பலர் எழுதுகின்றனர். நாம் இம்முறை காலடியிற் கிடக்கும் இந்தப் புல்லைப் பற்றிச் சிறிது எழுதத் துணிந்தோம். இஃது எங்கிருந்து வந்தது? இதனை யார் வெட்டினார்கள்? வெட்டச் சொன்னவர்கள் என்ன நினைத்தார்கள்? காலனி வாழ்க்கையில் நாற்பது ஐம்பது ஆண்டுகளைக் கழித்தவர்களுக்கு இவ்வினாக்கள் அற்பமாகத் தோன்றா.

முதலில் இங்கிலாந்துக்குச் செல்ல வேண்டும். ஆண்டு முழுதும் தூறல் விழுகின்ற நாடு அது, வெயிலும் மெலிது. அங்கே புல் தானாக வளரும்; வளர்ந்ததை ஆடு மேயும். பிரபுக்களின் மாளிகைகளைச் சூழ்ந்திருந்த தோட்டங்களில் முன்பு பூம்பாத்திகளும், கத்தரித்து உருவமைத்த செடிகளும் நிறைந்திருந்தன. பதினெட்டாம் நூற்றாண்டில் லான்சலட் பிரௌன் (1716–1783) என்னும் தோட்டக்கலை வல்லார், அவற்றையெல்லாம் அகற்றி, மாளிகைச் சுவர் வரைக்கும் பசும்புல் அலையலையாக ஓடிவரும்படி அமைத்துக் காட்டினார். சீமான்கள் அவரைப் போட்டியிட்டு அழைத்தனர். உழுதால் கோதுமை விளையக்கூடிய நிலத்தை உழாமற் போட்டு வைத்து, அதன் அழகைச் சாளரத்திலிருந்து பார்த்திருப்பது, எனக்குச் சோற்றுக்குக் குறைவில்லை என்று ஊரறியச் சொல்வதற்கு நல்ல வழி. புற்றரையின் பிறவிக்குணம் இது. பின்னால் அது எந்த நாட்டுக்குச் சென்றபோதும் இக்குணத்தை விட்டுச் செல்லவில்லை.

ஆடு மேயாத இடத்தில் ஆள் வெட்டவேண்டும். நீண்ட கைப்பிடியும் வளைந்த அலகும் கொண்ட பெரிய அரிவாளை இரு கைகளாலும் பிடித்து, இடுப்பைத் திருப்பித் திருப்பி வீசி வெட்டுவர். பனி உலர்ந்துவிட்டால் புல் வளைந்து கொடுக்கும்; அலகுக்கு அகப்படாது. ஆதலின் வைகறையிலேயே தொடங்க வேண்டும். பிரபு எழுந்து தேநீர் அருந்தும் வேளையில் வெட்டியவர் மறைந்துவிடுவார். வெட்டிய தரை மட்டும் கண்ணிற் படும்.

இந்த நிலையை மாற்றியவர் எட்வின் பியர்டு பட்டிங் என்னும் கம்மியர். க்ளாஸ்டர்ஷயரில் ஸ்ட்ரௌட் நகரையொட்டி அந்நாளில் கம்பளி ஆலைகள் மிகுதி. நெய்த துணியின்மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறை மழித்தெடுக்கச் சுழலும் கத்திகள் பொருந்திய பொறி ஒன்று ஆலைகளில் இருந்தது. துணியை மழிக்கும் கத்தி தரையையும் மழிக்காதா என்று பட்டிங் எண்ணினார். 1830-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள் அவருடைய புல்வெட்டும் இயந்திரத்துக்கு உரிமைப்பட்டயம் கிடைத்தது. அக்கம்பக்கத்தார் கண்டு நகைப்பரோ என்று அஞ்சி, முதல் இயந்திரத்தை அவர் இரவு வேளையில் ஓட்டிப் பார்த்தார் என ஒரு கதை வழங்குகிறது. புல் வெட்டும் வேலைக்கும் கூச்சத்துக்கும் உள்ள உறவு எவ்வளவு பழமையானது பாருங்கள்!

ஆனால் அந்தப் பட்டயத்தில் அவர் எழுதி வைத்த ஒரு குறிப்புத்தான் நம்மை மிகவும் ஈர்த்தது. நாட்டுப்புறச் சீமான்கள் இந்த இயந்திரத்தைத் தாமே ஓட்டினால், அது வேடிக்கையும் பயனும் உடல்நலமும் தரும் பயிற்சியாக இருக்கும் என்பது அக்குறிப்பின் கருத்து. கலப்பை செய்து விற்ற எந்தக் கொல்லனும் உழவனிடம் இதனை உடற்பயிற்சி என்று சொல்லியிரான். செய்தே தீரவேண்டியவனுக்கு அது வேலை. செய்யாமலும் இருக்கக்கூடியவனுக்கு அது பயிற்சி. புல் வெட்டுவதில் இன்பம் உண்டா, இல்லையா என்னும் வழக்கு அன்று தொடங்கியது, இன்னும் தீர்ப்பாகவில்லை.

அதன்பின் வளர்ச்சி விரைந்தது. 1832-இல் இப்ஸ்விச் நகரத்து ரான்ஸம்ஸ் கம்பெனியார் உரிமை பெற்று அவ்வியந்திரத்தைச் செய்து விற்கத் தொடங்கினர். பெரிய இயந்திரங்களை மட்டக்குதிரைகள் இழுத்தன. குளம்பின் தடம் புல்லிற் பதியாதிருக்க அக்குதிரைகளுக்குத் தோற்செருப்பு அணிவித்தனர். 1902-இல் அதே கம்பெனியார் பெட்ரோல் இயந்திரத்தை விற்பனைக்குக் கொணர்ந்தனர். ஆள்கூலி குறைந்ததும், நடுத்தரக் குடும்பத்தார் வீட்டு முன்றிலிலும் புற்றரை தோன்றிற்று. கிரிக்கெட்டும் டென்னிசும் அதன்மேல் வளர்ந்தன.

இனி நம் நாட்டுக்கு வருவோம். மொகலாயர் தோட்டப் பித்தர்கள். ஆனால் அவர்களுடைய தோட்டத்தின் உயிர் நீரிலும் நிழலிலும் கனிமரத்திலும் இருந்தது. நான்கு பகுதியாகப் பிரித்து, நடுவே கால்வாய் ஓடவிட்டு, மாதுளையும் எலுமிச்சையும் மலர்ச்செடிகளும் நெருக்கமாக நட்டனர். ஆக்ராவில் தாஜ்மகாலின் முன்னே இன்று நாம் காணும் அகன்ற புற்றரை ஷாஜகான் கண்டதன்று. கர்சன் பிரபு வைசிராயாக இருந்த காலத்தில் (1899–1905) அத்தோட்டம் ஆங்கிலேயர் விருப்பத்திற்கேற்பத் திருத்தப்பட்டது, மரச்செறிவு குறைந்தது, புல் பரந்தது. வெள்ளைப் பளிங்கைத் தடையின்றிக் காண இது வசதிதான் என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் மே மாதத்து நடுப்பகலில் அங்கே நின்று பார்த்தவர், ஷாஜகானே வெயிலை அறிந்தவர் என்று சொல்வர்.

1911-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து டில்லிக்கு மாற்றுவதாக அறிவித்தார். லட்யன்ஸ், பேக்கர் முதலிய சிற்பிகள் வரைந்த புதுநகரம் 1931 பிப்ரவரியில் திறந்துவைக்கப்பெற்றது. அந்நகரில் அகன்ற சாலைகளை நிழல்மரங்களாலும் வெட்டவெளிகளைப் புல்லாலும் அணிசெய்யும் பொறுப்பை ஏற்றவர் டபிள்யூ. ஆர். மஸ்டோ என்னும் தோட்டக்கலை அதிகாரி. முட்புதரும் பாறையும் நிறைந்த ரைசினாக் குன்றையொட்டிப் பசுமை பரவியது அவருடைய முயற்சியால். அந்நகரின் இன்னொரு விதி ஏட்டில் உரக்க எழுதப்படாவிட்டாலும் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தது: பதவி உயர உயர வீட்டின் முன்னுள்ள புற்றரையும் அகலும். வைசிராய் மாளிகைக்கு 330 ஏக்கர் வளாகம். கவுன்சில் உறுப்பினருக்குப் பெரிய பங்களா. அதற்கடுத்தவருக்கு அதனிற் சிறியது. கோல் மார்க்கெட்டுப் பக்கத்தில் குமாஸ்தாவுக்கு ஒரு கட்டில் போடும் அளவு. ஒருவருடைய சம்பளம் என்னவென்று கேட்பது நாகரிகமன்று. அவர் வீட்டு வேலியருகே நின்று புல்லை ஒரு பார்வை பார்த்தாற் போதும்.

இவ்வளவு பெருமை படைத்த புல் எது தெரியுமா? இங்கிலாந்துப் புல் டில்லி வெயிலில் ஒரு கோடையும் தாங்காது. ஆகவே இந்த மண்ணிலேயே படர்ந்து கிடந்த ஒன்றைத் தேடி எடுத்தனர். இந்தியில் அதனைத் ‘தூப்’ என்பர். தூர்வா என்னும் வடசொல்லின் சிதைவு. நம் அறுகுதான் அது! பிள்ளையார் தலையிற் சாத்துகிறோமே, அதே அறுகம்புல். ‘ஆல்போல் தழைத்து அறுகுபோல் வேரோடி’ என்று மணமக்களை வாழ்த்துகிறோமே, அதே அறுகு. கணுவுக்குக் கணு வேர்விட்டுத் தரையோடு தரையாக ஓடுவதால், எவ்வளவு ஒட்ட வெட்டினாலும் சாகாது, மிதித்தாலும் சாகாது, நீரின்றிக் காய்ந்தாலும் ஒரு மழைக்கு உயிர்த்தெழும். இக்குணங்களைக் கண்டுதான் வெள்ளையர் அதனைத் தெரிந்துகொண்டனர். குடியரசுத் தலைவர் மாளிகையின் மொகலாயத் தோட்டத்துக்கு (2023 ஜனவரி முதல் அதன் பெயர் அம்ருத் உத்யான்) முதலில் இப்புல்லைக் கல்கத்தாவிலிருந்து கொணர்ந்து நட்டனர். ஆண்டுதோறும் மழைக்காலத்துக்கு முன் அங்கே பழைய புல்லைப் பெயர்த்தெடுத்துவிட்டுப் புதுமண் இடுவர். மூன்று வாரத்தில் அறுகு மீண்டும் மூடிக்கொள்ளும். ஊரில் வரப்பிலிருந்து ஒரு கைப்பிடி பறித்து வந்து பூசைத் தட்டில் வைத்த புல்லுக்கு, இங்கே சம்பளம் வாங்கும் அதிகாரிகளும் தோட்டக்காரர் படையும் இருப்பதைக் கண்டு நம் பெரியோர் வியந்ததில் வியப்பில்லை.

உலகப்போர்க் காலத்திலும் விடுதலைக்குப் பின்னும் சர்க்கார் இலாகாக்கள் பெருகின. லோதி காலனி, விநய நகர், பின்னர் ராமகிருஷ்ணபுரம் என்று குடியிருப்புகள் எழுந்தன. நம்மவர் அவற்றில் நிறைந்தனர். தரைத்தள வீட்டுக்கு முன்னும் பின்னும் சிறிது நிலம். முன்னே புல் இருக்கவேண்டும் என்பது எழுதாச் சட்டம். பின்னே என்ன செய்தாலும் கேட்பாரில்லை. ஆகவே நம் வீடுகளுக்கு இரு முகங்கள் உண்டாயின. முன்முகம் டில்லி, பின்முகம் கும்பகோணமோ, திருநெல்வேலியோ, பாலக்காடோ. பின்கட்டில் கறிவேப்பிலைக் கன்று, கொத்தமல்லிப் பாத்தி, துளசி, முடிந்தால் ஒரு முருங்கை. அந்தக் கறிவேப்பிலைக் கன்றை டில்லிக் குளிரிலிருந்து காப்பாற்ற அதற்குச் சாக்குப்பை போர்த்திய வீடுகளை நாம் அறிவோம். முன்புறத்து வேலி பல இடங்களில் மருதோன்றிச் செடியாக இருந்தது ஒரு பாக்கியம். வேலியைக் கத்தரிக்கும் நாளில் நம் பெண்கள் இலையை மடியிற் கட்டிக்கொண்டு போவதைப் பஞ்சாபி அண்டைவீட்டாரும் அறிந்து, தாமும் இரண்டு கிளை சேர்த்துக் கொடுப்பர்.

புல்லின்மீது நம் தாய்மார்க்கு முதலில் இருந்தது அன்பன்று, ஐயம். புல்லிருந்தால் பூச்சி வரும், மழையில் சேறு ஒட்டும், கோலம் எங்கே போடுவது? கடைசியில் வாசற்படியை ஒட்டிய இரண்டு முழச் சிமெண்டுத் தரை கோலத்துக்கு. அதற்கப்பால் புல் சர்க்காருக்கு என்று ஓர் உடன்பாடு ஏற்பட்டது. மனத்தை மாற்றியது குளிர்காலம். டிசம்பர் மாதத்துக் காலையில் வீட்டினுள்ளே விரல் விறைக்கும். வெளியே இளவெயில் புல்லின்மேல் விரிந்திருக்கும். பஞ்சாபிப் பெண்கள் கட்டிலை இழுத்துப் போட்டு, கம்பளிநூலும் ஊசியுமாக அமர்ந்துவிடுவர். ஆரஞ்சுத் தோலும் வேர்க்கடலைத் தோலும் பக்கத்திற் குவியும். முதலாண்டு நம்மவர் சாளரத்திலிருந்து பார்த்தனர். இரண்டாமாண்டு பாயை எடுத்துக்கொண்டு வெளியே வந்தனர். மூன்றாமாண்டு அவர்களும் ஸ்வெட்டர் பின்னினர், அரிசி புடைத்தனர், அப்பளம் உலர்த்தினர். கோடையிரவில் அதே புல்லுக்கு நீர் தெளித்து, கயிற்றுக் கட்டில் போட்டு, வரிசையாக உறங்கினோம். மேல்மாடிக் குடும்பத்தார் புல்லுக்கு உரியவரல்லர். இதனால் எழுந்த பிணக்குகளை இங்கே விரிக்கவேண்டா. மகளின் கலியாணத்துக்கு ஷாமியானா போட இடம் கேட்டபோது அப்பிணக்குகள் தாமே தீர்ந்ததுண்டு.

இவ்வாறு புல்லை விரும்பக் கற்றோம். புல்லை வெட்டக் கற்றோமா?

வெட்டியவர் மாலி. சைக்கிளில் வருவார், நம்மூர்க் களைக்கொத்தை ஒத்த குர்பியும் ஓர் அரிவாளும் அவருடைய ஆயுதங்கள். குந்தியபடியே தவளைபோல் நகர்ந்து நகர்ந்து, ஒரு கைப்பிடியாகப் பிடித்துப் பிடித்து அரிவார். ஆங்கிலேயரின் குதிரைப்படையில் குதிரைகளுக்குப் புல் செதுக்கவென்றே தனி ஆட்கள் இருந்தனர். குர்பியால் அறுகை வேரோடு செதுக்கிக் கட்டுக்கட்டாகக் கொணர்வது அவர்கள் தொழில். அந்தக் குர்பியே பின்னர்ப் புற்றரைக் கருவியாயிற்று. பெரிய வெளிகளில் இயந்திரம் வந்தது. ஆனால் அதை இழுத்தது பெட்ரோலன்று. ஓர் இணை எருது புல்வெட்டும் இயந்திரத்தை அசைந்தசைந்து இழுத்துச் செல்லும் காட்சியைத் தாஜ்மகால் தோட்டத்திலும் தலைநகரின் பெரும் புற்றரைகளிலும் நம்மிற் பெரியோர் பலர் கண்டிருப்பர். ஸ்ட்ரௌடில் பிறந்த பொறிக்கு ஏர்மாடு பூட்டிய காட்சி அது.

ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வருகிறது. நாம் சிறுவராயிருந்தபோது, நமக்கு அடுத்த வீட்டில் ஒரு பெரியவர் இருந்தார்; ஒரு சர்க்கார் அலுவலகத்தில் மேற்பார்வையாளர். ஜூலை மழையில் புல் முழங்காலளவு வளர்ந்துவிட்டது. மாலி தம் கிராமத்துக்குப் போய்விட்டார். ஒரு ஞாயிறு காலை அப்பெரியவர், வேட்டியை மடித்துக் கட்டி, பனியனோடு, அரிவாளை எடுத்துக்கொண்டு குந்திவிட்டார். அரைமணிக்குள் வேலிக்கு வெளியே மூவர் நின்றனர். “என்ன சார், ஆள் கிடைக்கவில்லையா?” என்றார் ஒருவர். “நான் வேண்டுமானால் சொல்லி அனுப்புகிறேனே” என்றார் மற்றொருவர். அவருடைய மனைவியார் கதவுக்குப் பின்னே நின்று, “உள்ளே வாருங்களேன், நாலுபேர் பார்க்கிறார்கள்” என்று மெல்ல அழைத்துக்கொண்டிருந்தார். பெரியவர் நிமிர்ந்து, “பார்க்கட்டுமே, திருடவா செய்கிறேன்?” என்று சொல்லிவிட்டு மீண்டும் குனிந்தார். ஆனால் அடுத்த ஞாயிறு அவர் குனியவில்லை. ஆள் வந்துவிட்டார்.

அந்த நாலுபேர் கூச்சம் டில்லி நமக்குத் தந்ததன்று. நாமே மூட்டை கட்டிக்கொண்டு வந்தது. நம்மில் பல குடும்பங்களுக்கு ஊரில் நிலம் இருந்தது. அந்நிலத்தில் இறங்கிய கால் வேறொருவருடையது. நெல் நம் களத்தில் அளக்கப்பட்டது. நாற்று நட்ட பெண்ணின் பெயர் நமக்குத் தெரியாது. ஏரைத் தொடுவது குலத்துக்கு அடாது என்று சொன்ன வீடுகளும் நம்முள் இருந்தன. ஏர் பிடித்த குலத்திலிருந்து படித்து மேலே வந்தவர்க்கோ, மறுபடியும் மண்ணில் குந்துவது தந்தை பட்ட பாட்டுக்குத் திரும்புவதாகத் தோன்றிற்று. இருவர் காரணமும் வேறு. இருவரும் மாலியையே அழைத்தனர். வெயிலிற் குந்தியிருந்த அந்த மனிதருக்குத் தண்ணீர் கொடுக்கத் தனிக்குவளை வைத்திருந்த வீடுகள் எத்தனை என்பதை எண்ணிப் பார்க்க நமக்குத் துணிவு வேண்டும். நம் வீட்டிலும் ஒன்று இருந்தது. பின்கட்டுச் சுவரில் ஆணியில் தொங்கும்.

இந்தப் பின்னணியிற் பார்த்தால்தான் ஒரு பெருஞ்செய்தியின் சுவை விளங்கும். 1948 ஜூன் 21-ஆம் நாள், வைசிராய்கள் வாழ்ந்த அந்த மாளிகையில் கவர்னர் ஜெனரலாகக் குடிபுகுந்தவர் ராஜாஜி. அம்மாளிகையில் வசித்த முதல் இந்தியத் தலைவர் அவரே. தொரப்பள்ளியிற் பிறந்த தமிழர். நாட்டில் உணவுப் பஞ்சம் நிலவிய காலம் அது. ரேஷன் கடையில் மக்கள் வரிசையாக நின்றனர். மாளிகை வளாகத்தின் ஒரு பகுதியை உணவுத் தானியம் விளைப்பதற்கென ராஜாஜி ஒதுக்கினார்; ஒதுக்கியதோடு நில்லாமல் தாமே ஏர் பிடித்து உழுதார். எழுபது வயது அவருக்கு. வைசிராயின் மாளிகைத் தரையில் கொழு இறங்கியது; ஏரைத் தொடலாகாது என்று சாத்திரம் பேசியவர் மரபில் வந்த கை மேழியைப் பிடித்தது. இரண்டில் எது பெரிய மாற்றம் என்று நம்மாற் சொல்ல முடியவில்லை.

ஒரு நாள் உழுதது அடையாளச் செயல்தானே, விளைந்த கோதுமை எத்தனை மூட்டை என்று அந்நாளிலேயே கேட்டவர் இருந்திருப்பர். கேள்வி நியாயமானதே. தலைநகரின் புல் முழுவதையும் உழுதாலும் பஞ்சம் தீராது. ஆனால் புற்றரை என்பதே ஓர் அடையாளந்தானே? உழாமல் விடக்கூடியவன் நான் என்று அது சொல்கிறது. அதற்கு மறுமொழியும் அந்த மொழியிலேயே இருக்கவேண்டும். போர்க்காலத்தில் வேறு நாட்டாரும் இதனை உணர்ந்திருந்தனர். 1918-இல் அமெரிக்க ஜனாதிபதி வில்சன் வெள்ளை மாளிகைப் புல்லில் ஆடுகளை மேயவிட்டார். அவற்றின் கம்பளியை ஏலம் விட்ட பணம் செஞ்சிலுவைச் சங்கத்துக்குச் சென்றது. இரண்டாம் உலகப்போரில் லண்டன் கோபுரத்தின் அகழியிலே காய்கறி பயிரிட்டனர்.

டில்லியில் இரண்டாம் முறையும் அது நிகழ்ந்தது. 1965-இல் பாகிஸ்தானுடன் போர்; வானமும் பொய்த்தது; கோதுமைக்கு வெளிநாட்டுக் கப்பலை எதிர்நோக்கியிருந்தோம். பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி, ஜன்பத் சாலை 10-ஆம் எண் வீட்டில், தம் புற்றரையை உழுது தானியம் விதைத்தார். இச்செய்தி நம் காலனிக்கு எட்டியபோது நிகழ்ந்தது வேடிக்கை. அதுவரை பின்கட்டில் ஒளிந்து வாழ்ந்த கொத்தமல்லியும் கீரையும் தலைநிமிர்ந்து முன்கட்டுக்கு வந்தன. பிரதமரே செய்கிறார், இனி யார் கேட்பார்கள் என்று நம் தாயார் முன்வாசற் புல்லில் பாதியைக் கொத்தி முளைக்கீரை விதைத்தார். கொத்தியவர் அவரே; மாலி பக்கத்தில் நின்று, மண்ணை இப்படிப் புரட்டுங்கள் மாஜி, அப்படிப் புரட்டுங்கள் என்று சொல்லிக்கொடுத்தார். அன்று வேலிக்கு வெளியே யாரும் நின்று வினவவில்லை. போர் முடிந்த இரண்டு ஆண்டுகளில் அறுகு கீரைப் பாத்தியை மீண்டும் மூடிவிட்டது. அதன் குணம் அது.

நம் பிள்ளைகளின் காலம் வேறு. இக்காலனியிற் பிறந்து அமெரிக்கா சென்றவர் பலர். அங்கே புற்றரை வேறொரு வகையில் கட்டாயம். 1947-இல் நியூயார்க்கை அடுத்து லெவிட்டவுன் என்னும் குடியிருப்பு எழுந்தபோது, புல் வளரும் பருவத்தில் வாரம் ஒருமுறை அதனை வெட்டவேண்டும் என்று வீட்டுப் பத்திரத்திலேயே விதித்தனர். அதே பத்திரங்களில் கருப்பின மக்களை விலக்கும் விதியும் இருந்தது என்பதையும் மறக்கலாகாது. மட்டமாக வெட்டிய புல்லுக்கும் யார் அண்டை வீட்டார் என்னும் கவலைக்கும் தொடர்புண்டு. இன்றும் அந்நாட்டு ஊர்கள் பலவற்றில் புல் உயர்ந்தால் அபராதம். மகனைக் காணச் சென்ற நம் நண்பர் ஒருவர், எம்.டெக். படித்த பிள்ளை சனிக்கிழமைதோறும் வியர்க்க வியர்க்க இயந்திரம் தள்ளுவதைக் கண்டு முதல் வாரம் வருந்தினார். இரண்டாம் வாரம் பழகினார். மூன்றாம் வாரம், “கொடுடா, நான் ஒரு சுற்றுத் தள்ளுகிறேன்” என்றாராம். வெட்டிய பட்டையைத் திரும்பிப் பார்ப்பதில் ஒரு நிறைவு இருக்கிறது என்று நம்மிடம் இரகசியம்போற் சொன்னார். பட்டிங் சொன்ன உடற்பயிற்சி இதுதான் போலும். இங்கே அறுபது ஆண்டு வாழ்ந்தும் அவர் ஒருநாளும் அரிவாளைத் தொட்டவரல்லர். அங்கே வேலிக்கு வெளியே நிற்கும் நாலுபேர் இல்லை.

இங்கே வேலியும் இல்லாமற் போகிறது. சரோஜினி நகர், நேதாஜி நகர், நௌரோஜி நகர், கஸ்தூர்பா நகர், தியாகராஜ நகர், ஸ்ரீநிவாசபுரி, முகம்மத்பூர் ஆகிய ஏழு சர்க்கார்க் குடியிருப்புகளை இடித்துப் புதிதாகக் கட்ட 2016-இல் மத்திய அமைச்சரவை இசைந்தது. 2018-இல் ஆயிரக்கணக்கான மரங்கள் வெட்டப்படும் என்று அறிந்த நகரமக்கள் வீதியில் திரண்டனர். உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. மரத்துக்கு அழுதவர் உண்டு. புல்லுக்கு யாரும் அழவில்லை. அழவேண்டும் என்றும் நாம் சொல்லவில்லை. டில்லியின் நிலத்தடி நீர் இறங்கிக்கொண்டே போகும்போது, கோடையில் குழாயைத் திறந்துவிட்டுப் புல்லை நனைத்த காலத்தை எண்ண நமக்கே சற்று வெட்கமாக இருக்கிறது. புதிய அடுக்குமாடிகளின் நடுவே புல் உண்டு. அதன் அடியில் மோட்டார் நிறுத்தும் கூடம். ஒப்பந்தக்காரரின் ஆள் முதுகில் இயந்திரத்தை மாட்டிக்கொண்டு வந்து, பெருஞ்சத்தத்தோடு சில நிமிடங்களில் வெட்டிவிட்டுப் போகிறார். அவர் பெயரைக் கேட்க அவகாசமில்லை. காதில் விழவும் விழாது.

நம் மாலியின் பெயர் நமக்குத் தெரியும். அவர் குடும்பத்தார் விரும்புவரோ என்றறியாமையால் இங்கே எழுதவில்லை. விநாயக சதுர்த்தி ஆவணி மாதத்தில், மழைப்புல் மதமதவென்று வளர்ந்திருக்கும் வேளையில் வரும். அதற்கு முந்தைய வாரம் அவர் புற்றரை முழுவதையும் வெட்டுவார்; வேலியோரமாக ஒரு மூலையை மட்டும் வெட்டாமல் விட்டுவிடுவார். யாரும் சொல்லி அவர் அதைச் செய்யவில்லை. முதலாண்டில் நம் தாயார், வெட்டிப் போட்ட குவியலில் உட்கார்ந்து மூன்று இலை கொண்ட நுனிகளைத் தேடிக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறார். சதுர்த்தி காலையில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, அந்த மூலையில் குந்தி, குர்பியைத் தொடாமல் கையாலேயே நுனி கிள்ளி, ஈரத்துணியிற் சுற்றிக்கொண்டு வந்து படியருகே நிற்பார்.

“மாஜி, இருபத்தொன்று போதுமா, இன்னும் வேண்டுமா?”

“மேல்வீட்டுக்காரர்களுக்கும் வேண்டும், பையா; இன்னும் இரண்டு பிடி.”

அவர் மறுபடியும் போய்க் குந்துவார்.